பள்ளியில் கூத்துப் பயிற்சி, சுவர் ஓவியம்: யார் பெயரில், எங்கே நிதி கேட்பது? (பென்னாகரம் வட்டாரம்)

ஏழாம்வகுப்பு_டீச்சர்:

வணக்கம். பென்னாகரம் வட்டாரத்தில் அரசு நடுநிலைப் பள்ளி. மொத்தம் 168 பிள்ளைகள். ஊரிலேயே கூத்துக் குழு ஒன்று இருக்கிறது. வாத்தியார், மத்தளம், முகவீணை (சின்ன நாதசுரம் மாதிரி ஊதுகருவி) எல்லாம் உள்ளூர் ஆட்கள்தான், ஆனால் பதிவு செய்த சங்கம் கிடையாது. இரண்டு வேலை யோசித்திருக்கிறோம். ஒன்று, 6 முதல் 8 வரை படிக்கும் 20 பிள்ளைகளுக்கு 12 நாள் கூத்துப் பயிற்சி கொடுத்து, கடைசியில் ஒரு மணி நேர அரங்கேற்றம். மற்றொன்று, ரோட்டைப் பார்த்த சுற்றுச்சுவரில் 40 அடி நீளத்துக்கு நம் பக்கத்து நடுகல் உருவங்களை வரைவது.

கலை பண்பாட்டுத் துறை, தஞ்சாவூர் மையம், டெல்லி அமைச்சகம், ஓசூர் கம்பெனிகள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் போவது? குழு பெயரில் கேட்பதா, பள்ளி பெயரிலா? பள்ளி மானியத்தில் இருந்தே எடுத்துவிட முடியாதா? பட்ஜெட் எப்படிப் போடுவது என்றும் யாராவது விளக்கினால் நல்லது.

கணக்குப்பிள்ளை:

டீச்சர், எந்த அலுவலகம் என்பதைப் பிறகு பார்க்கலாம். விண்ணப்பதாரர் யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கலை நிதி ஒவ்வொன்றும் ஒருவகை ஆளுக்கென்று வைத்தது. தனிக் கலைஞருக்கு உள்ளதைப் பள்ளி கேட்க முடியாது, சங்கத்துக்கு உள்ளதைத் தனிக் கலைஞர் கேட்க முடியாது. விண்ணப்பங்கள் பாதி இந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

பள்ளி மானியத்தில் ஆரம்பிக்கிறேன். மத்திய, மாநில அரசுகளின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் வரும் ஒருங்கிணைந்த மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து: 30 வரை 10,000, 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். உங்கள் 168-க்கு 50,000 அடுக்கு. அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு. மிச்சத்தில் மின் கட்டணம், குடிநீர், பழுது, கற்பித்தல் பொருள். சுவருக்குப் பெயின்ட், பிரஷ் வாங்கினால் பராமரிப்பு என்று பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு நியாயப்படுத்தலாம். கூத்து வாத்தியார் சம்பளத்தை இதில் எழுதினால் தணிக்கையில் நிற்காது. கலைஞர் ஊதியத்துக்கு வெளியில்தான் பணம் தேட வேண்டும்.

கலைஞர் பெயரில் கிடைப்பவை தனி. தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் வந்தது. உங்கள் வாத்தியாரும் பக்க வாத்தியக்காரர்களும் அதில் உறுப்பினரா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதலில் அட்டை வாங்க வையுங்கள். இசைக்கருவி, ஆடை அணிகலன் வாங்க அரசு தரும் 10,000 ரூபாய் உதவி மாதிரியானவற்றுக்கு அந்த அட்டைதான் ஆதாரம். அந்தப் பணம் கலைஞருக்கு. பள்ளித் திட்டத்தில் வரவாகக் காட்டிவிடாதீர்கள்.

தஞ்சாவூர் என்று சொன்னது தென்னகப் பண்பாட்டு மையம். 1986-இல் அமைத்த மத்திய அரசு மையம். அவர்களின் குரு சிஷ்யப் பரம்பரைத் திட்டத்தில் குருவுக்கு மாதம் 7,500, பக்க வாத்தியக்காரருக்கு 3,750, மாணவருக்கு 1,500. கலை அழியாமல் அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும் என்பது நோக்கம். பயிற்சி குருவின் பொறுப்பில், மாதக் கணக்கில் நடக்கும். உங்கள் 12 நாள் பயிலரங்குக்கு அது பொருந்தாது. ஆனால் பயிலரங்கு முடிந்ததும் நாலு பிள்ளைகள் தொடர்ந்து கற்க ஆசைப்பட்டால் வாத்தியார் பெயரில் அங்கே முயற்சி செய்யலாம்.

டெல்லி என்றால் பண்பாட்டு அமைச்சகத்தின் விழா மற்றும் தயாரிப்பு மானியம். உச்சவரம்பு 5 லட்சம். பதிவு பெற்ற சங்கம் அல்லது அறக்கட்டளை வேண்டும், மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை வேண்டும், தொண்டு அமைப்புகளுக்கான தர்ப்பண் இணையதளத்தில் பதிவு வேண்டும், செலவில் கால் பங்கு தன் கையிலிருந்து போட வேண்டும். பதிவில்லாத குழு அந்தப் பக்கமே போக வேண்டாம். இன்றைக்கே 7 பேர் சேர்ந்து 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்தாலும், பலன் கிடைப்பது மூன்று ஆண்டு கணக்கு சேர்ந்த பிறகுதான். ஆனாலும் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவு செய்துவிட்டு வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்யாமல் விடுவது பதிவே இல்லாததைவிட மோசம். ஐந்து வருட அபராதத்தோடு போய் நிற்க வேண்டி வரும்.

உங்கள் நிலைமைக்குச் சரியான கதவு, கலை பண்பாட்டுத் துறையின் சேலம் மண்டலக் கலை பண்பாட்டு மையம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதன் எல்லைக்குள் வருகின்றன. பிள்ளைகளுக்குக் கலை சொல்லித்தரும் சவகர் சிறுவர் மன்றம் அவர்கள் வழியாக நடப்பது, 5 முதல் 16 வயது வரைக்கும். பள்ளி சார்பில் உதவி இயக்குநருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பணம் தாருங்கள் என்று தொடங்காமல், இத்தனை நாள், இத்தனை பிள்ளைகள், இந்தக் கலைஞர், உங்கள் திட்டங்களில் எதன் கீழ் வரும் என்று கேளுங்கள். கலைஞர் ஊதியத்தை அவர்கள் ஏற்று, மற்றதைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்பது போல் பிரிவதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும்.

வெளியிலிருந்து பணம் வந்தால் சமக்ர சிக்ஷா கணக்கில் போடாதீர்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கில் வாங்கித் தனிப் பேரேடு வையுங்கள்.

மத்தளக்கட்டை:

கணக்குப்பிள்ளை சொன்னதெல்லாம் சரி. கூத்துப் பக்கம் நான் எழுதுகிறேன்.

முதலில் காலம். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் வாத்தியார்கள் ஊர் ஊராக இருப்பார்கள், பிடிக்க முடியாது. பயிற்சியை ஐப்பசி, கார்த்திகையில் வையுங்கள். மழைக்காலம் என்பதால் கூரை உள்ள இடம் வேண்டும். அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே அரங்கேற்றம் முடிந்துவிட வேண்டும்.

பட்ஜெட்டுக்கு மாதிரி ஒன்று. தொகைகளை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாத்தியார் 12 அமர்வு, அமர்வுக்கு 1,500 வீதம் 18,000. மத்தளம், முகவீணை இருவரும் கடைசி 6 அமர்வுக்கு மட்டும், ஆளுக்கு 1,000 வீதம் 12,000. அரங்கேற்ற நாளுக்கு மூவருக்கும் தலா 2,000, ஆக 6,000. வேடச் சாமான் 8,000. ஒப்பனை 2,000. ஒலி 4,000. சிற்றுண்டி, போக்குவரத்து 5,000. போட்டோ, அச்சு, ஆவணம் 2,000. எதிர்பாராச் செலவு 3,000. கூட்டினால் 60,000. அதில் 36,000 கலைஞர் கைக்குப் போகிறது. பந்தல், பிளெக்ஸ், பொன்னாடை என்று பாதியைக் கரைத்துவிட்டு வாத்தியாருக்கு ஒரு கவரில் 2,000 வைத்துக் கொடுக்கும் திட்டத்துக்கு மானியம் கேட்கவே கூடாது.

பக்க வாத்தியத்தை முதல் நாளே கூப்பிடாதீர்கள். முதல் ஆறு அமர்வும் அடவு, கிறிக்கி (சுழன்று ஆடுவது), வசனம். தாளத்தை வாத்தியாரே கையில் போட்டுக்கொள்வார். மத்தளம் அடித்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கால் ஓடும், வசனம் நிற்காது.

வேடச் சாமானில் ஏமாறுவது சகஜம். பெரியவர்களின் கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் காக்காய்ப்பொன்னும் ஒட்டியவை. இலேசான மரம்தான். இருந்தாலும் 12 வயதுப் பிள்ளையின் தலைக்கு அளவு பெரிது, கிறிக்கி சுற்றும்போது கழன்று விழும். வாடகைக்கு எடுக்காமல் பிள்ளைகளையே செய்ய வையுங்கள். உள்ளே தடித்த அட்டை, மேலே காகிதக் கூழ், அதன்மேல் சரிகைத் தாளும் ஜிகினாவும். கூழ் காய மூன்று நாள் வெயில் வேண்டும், ஐப்பசியில் ஐந்து நாள் ஆகும். காயும் முன் வண்ணம் அடித்தால் உள்ளே பூஞ்சை பிடித்து நாறும். பின்பக்கம் இரண்டு இடத்தில் துளை போட்டு நாடா கோத்து முகவாய்க்குக் கீழே கட்ட வேண்டும். சலங்கை ஒரு காலுக்கு 25 மணி போதும். அதற்கு மேல் போட்டால் கணுக்கால் தேயும். அடியில் துணிப்பட்டை சுற்றாமல் கட்ட விடாதீர்கள்.

ஒப்பனையில் கண்டிப்பாக இருங்கள். அரிதாரம் என்று வாயால் சொல்கிறோம். அசல் அரிதாரம் ஆர்சனிக் சேர்ந்த கல். பழைய சிந்தூரத்தில் ஈயம் உண்டு. வாத்தியார் பெட்டியில் இருப்பதைப் பிள்ளைகள் முகத்தில் தொடவே கூடாது. தண்ணீரில் கரையும் முகவண்ணம் வாங்குங்கள். முந்தின நாள் முழங்கை உட்புறம் சின்னப் பொட்டு வைத்துப் பாருங்கள், சிவந்தால் அந்தப் பிள்ளைக்கு வேடம் மட்டும், வண்ணம் வேண்டாம். கலைக்கும்போது தேங்காயெண்ணெய் தடவித் துணியால் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு. முதலிலேயே சோப்பு போட்டால் வண்ணம் கண்ணுக்குள் இறங்கும்.

கதைக்கு ஒரு யோசனை. விடிய விடிய ஆடுகிற கூத்தை ஒரு மணி நேரமாக வெட்டினால் வாத்தியாருக்கும் மனசு வராது, பார்ப்பவருக்கும் புரியாது. அதற்குப் பதில் கூத்து இலக்கணத்தில் புதிதாக ஒன்று கட்டலாம். தகடூர் நம் ஊர். அதியமான், ஒளவை, நெல்லிக்கனி போதும். கட்டியங்காரன் (கதையை அறிவித்துச் சிரிக்க வைப்பவன்) இரண்டு பேர், திரை பிடிக்க இரண்டு பேர், அதியமான், ஒளவை, அமைச்சர், காட்டில் நெல்லி மரத்தைக் காக்கும் பாத்திரம் ஒன்று, படைவீரர் ஆறு பேர், பின்பாட்டு ஆறு பேர். ஆக 20. பெண் பிள்ளைகளைப் பின்பாட்டில் மட்டும் நிறுத்தாமல் அதியமான் வேடத்தையே கொடுத்துப் பாருங்கள். சாமி கதை இல்லாததால் நிதி தருபவர் சமய நிகழ்ச்சி என்று தள்ளவும் வழியில்லை.

அரங்கேற்றத்தைக் கோயில் மந்தையில் வைக்காமல் பள்ளி மைதானத்தில் வையுங்கள். எந்தத் தெருப் பெற்றோரும் தயக்கமில்லாமல் வந்து உட்காரும் இடம் அதுதான்.

ஓசூர்ப்பாதை:

கம்பெனிகளைப் பற்றி. ஓசூரில் ஆலைகள் நிறைய என்பதால் பணம் கொட்டுகிறது என்று நினைப்பார்கள். 2013 கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவுப்படி பெரிய கம்பெனிகள் கடந்த மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்க வேண்டும். ஏழாவது அட்டவணையில் கல்வி தனியாகவும், கலை, பண்பாடு, மரபுக் கலைகள் தனியாகவும் வருகின்றன. உங்கள் திட்டம் இரண்டிலும் பொருந்தும் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். அவர்களுடைய குழு தீர்மானம் எழுதும்போது அந்த வரியைத்தான் தேடும்.

ஆனால் கம்பெனி தன் பணத்தை ஓர் அமைப்பிடம் கொடுத்துச் செலவு செய்யச் சொன்னால், அந்த அமைப்பு மத்திய அரசிடம் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு அந்த எண் இருக்காது. வழி இரண்டு. ஒன்று, கம்பெனியே நேரடியாகப் பொருளை வாங்கித் தருவது: பெயின்ட், ஒலிபெருக்கி, மத்தளம். இன்னொன்று, 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாகப் போவது. உங்கள் பள்ளியின் தேவையை அதில் பதிவேற்றச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

கேட்கும் காலமும் முக்கியம். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. பிப்ரவரியில் போனால் மிச்சமிருந்தால் கொடுப்பார்கள், அதுவும் பத்து நாளில் செலவழித்து ரசீது கேட்பார்கள். ஏப்ரல், மே மாதம் திட்டம் எழுதும்போதே போய்ச் சேருங்கள்.

இன்னொன்று. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாமில் மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளான விவகாரம் வெளிவந்தது எல்லோருக்கும் தெரியும். வெளியாள் பள்ளிக்குள் வருவதென்றால் தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சரி என்றது போதாது. முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதி, வரும் ஒவ்வொருவர் பெயரும், நாளும் நேரமும் குறித்து எழுத்து அனுமதி வாங்குங்கள். ஒவ்வோர் அமர்விலும் ஆசிரியை ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். வேடம் கட்ட உடை மாற்றும் இடத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியை மட்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அந்த அறைச் சுவரிலேயே ஒட்டிவையுங்கள்.

வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இதையே செய்ய நினைப்பவர்களுக்கு: வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் அதிகம். வசனத்தை ஒரே மொழியில் எழுதிவிட்டால் பாதிப்பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். கட்டியங்காரன் வாயில் இரண்டு மொழியையும் கலந்துவிடுங்கள், அந்தப் பாத்திரத்துக்கு அது தோதாகவே இருக்கும்.

சுவரெழுத்து:

சுவரைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 40 அடி நீளம் என்றீர்கள். 5 அடி உயரம் வரைந்தால் 200 சதுர அடி. தரையிலிருந்து முதல் ஓர் அடியை விட்டுவிட்டு அதற்கு மேல் ஆரம்பியுங்கள். மழையில் செம்மண் தெறித்து அந்த அடி எப்படியும் பாழாகும். அதற்குக் காவி பூசிவிடுங்கள், கறை தெரியாது.

சுவரைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் பூச்சு பிடி விட்டிருக்கிறது, கொத்திவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். புதுப்பூச்சு என்றால் 28 நாள் ஆறாமல் வண்ணம் வேண்டாம். நம் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்புக் கூடியது. அதில் குழைத்த பூச்சில் வெள்ளையாக உப்புப் பூக்கும். கழுவினால் போகாது, இன்னும் உள்ளே இழுக்கும். காய்ந்த நாரால் தேய்த்துத் துடைத்து, ஒரு வாரம் பார்த்து, மறுபடி பூக்கவில்லை என்றால்தான் பிரைமர்.

அளவு: வெளிப்புற பிரைமர் 2 லிட்டர் ஒரு கோட்டுக்கு. வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 4 லிட்டர். உருவம் வரையக் கூடுதலாக 3 லிட்டர் வெள்ளை வாங்கி ஸ்டெயினர் (நிறம் ஏற்றும் சாயக் கரைசல்) கலந்துகொள்ளுங்கள். மஞ்சள் காவி, செங்காவி, கறுப்பு, நீலம் இருந்தால் நடுகல்லுக்கு வேண்டிய நிறமெல்லாம் வந்துவிடும். ஸ்டெயினர் நிறையக் கலந்தால் நிறம் ஆழமாகும் என்று ஊற்றிவிடாதீர்கள், காய்ந்தும் கையில் ஒட்டும். ஒரே நிறத்துக்கு வேண்டிய மொத்தத்தையும் ஒரே டப்பாவில் கலக்கிவிட வேண்டும். மறுநாள் கலந்தால் அதே நிறம் வராது.

படத்தைப் பெரிதாக்க எளிய வழி: சுவரை 8 அடி வீதம் 5 கட்டமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டமும் 8 அடிக்கு 5 அடி. ஏ4 தாளில் 8 அங்குலம் × 5 அங்குலத்தில் ஓர் அங்குலக் கட்டம் போட்டு வரைந்தால், சுவரில் அது ஓர் அடிக் கட்டம். நூலில் வண்ணப்பொடி தடவிச் சுண்டிக் கோடு போடலாம். ஒரு கட்டத்துக்கு நாலு பிள்ளைகள். ஏணியில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். விட்ட ஓர் அடியையும் சேர்த்தால் மேல் விளிம்பு 6 அடியில் வரும். 4 அடிக்கு மேலே உள்ளதைப் பெரியவர்கள் வரையட்டும்.

மாதிரிக்குத் தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களைக் காட்டிக் கூட்டி வாருங்கள். வில்லும் வாளுமாக நிற்கும் வீரன், பக்கத்தில் மீட்ட ஆநிரை, மேலே வட்டெழுத்து. வரையும்போது எழுத்தைக் கற்பனையாகக் கிறுக்காமல், இருப்பதை அப்படியே பார்த்து எழுத வையுங்கள். வயல்வெளியில் நிற்கும் நடுகல்லைப் படம் எடுக்கப் போனால் சாக்பீஸ், மாவு, மஞ்சள் எதையும் அதன்மேல் தேய்க்கக் கூடாது. காலை எட்டு மணிக்குள் சாய்வெயிலில் எடுத்தால் செதுக்கல் தானாகத் தெரியும்.

ஏழாம்வகுப்பு_டீச்சர்:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். வாத்தியார் பில் கொடுக்க மாட்டார், அவரிடம் ரசீதுப் புத்தகமெல்லாம் இல்லை. முகவீணைக்காரர் கைநாட்டு. இதைக் கணக்கில் எப்படிக் காட்டுவது? முழுப் பணமும் முன்னதாக வருமா?

கணக்குப்பிள்ளை:

பில் தேவையில்லை, வவுச்சர் போதும். வவுச்சரைப் பள்ளியே எழுதலாம்: பெயர், ஊர், எந்தெந்தத் தேதி, எத்தனை அமர்வு, ஓர் அமர்வுக்கு எவ்வளவு, மொத்தம் எண்ணிலும் எழுத்திலும். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து. கைநாட்டு என்றால் இடது பெருவிரல், பக்கத்தில் ‘இன்னார் ரேகை’ என்று எழுதி இரண்டு சாட்சி. பணத்தை வங்கிக் கணக்கில் போடுங்கள். ரொக்கம் தவிர்க்க முடியாவிட்டால் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் போக வேண்டாம். 12 அமர்வுக்கும் வருகைப் பதிவேடு இருக்க வேண்டும், அதில் பிள்ளைகளோடு கலைஞரும் கையெழுத்திட வேண்டும். வவுச்சரில் 12 அமர்வு, பதிவேட்டில் 11 என்று இருந்தால் அந்த 1,500-ஐ நீங்கள்தான் கட்டுவீர்கள்.

முன்பணம் முழுதாக வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 60,000 திட்டத்தில் கால் பங்கு நம்முடையது என்றால் 15,000. மானியம் 45,000. அதில் 75 சதவீதம் முதல் தவணை என்றால் கைக்கு வருவது 33,750. பாக்கி 11,250 கணக்குக் கொடுத்த பிறகு, மாதங்கள் கழித்து. அதாவது 26,250 ரூபாய் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருந்தால்தான் தொடங்க முடியும். இல்லையென்றால் திட்டத்தை 40,000-க்குச் சுருக்கிக் கேளுங்கள். பாதியில் நின்று வாத்தியாருக்குக் கடன் சொல்வதைவிட அது மேல்.

ஒப்புதல் ஆணைத் தேதிக்கு முன் செய்த செலவை ஏற்க மாட்டார்கள், ஒரு டப்பா பெயின்ட்கூட. கேமரா, லேப்டாப் மாதிரிப் பொருளை இந்த வகை மானியத்தில் சேர்க்காதீர்கள். முடிந்ததும் பயன்பாட்டுச் சான்று. மத்திய அரசுப் பணம் என்றால் அவர்களின் பொது நிதி விதிகளில் (ஜிஎஃப்ஆர்) உள்ள 12-ஏ படிவம், பட்டயக் கணக்காளர் கையெழுத்தோடு. செலவாகாத பணமும் அதற்கு வந்த வட்டியும் திருப்பிச் செலுத்த வேண்டும்.

அற்பமாகத் தெரிவது ஒன்று, ஆனால் பணம் திரும்பிப் போவது அதனால்தான். வாத்தியார் பெயர் வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, வாரிய அட்டையில் இன்னொரு மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூட, குறைய, தகப்பனார் இனிஷியல் முன்னால், பின்னால். விண்ணப்பம் போடும் முன் மூன்றையும் மேசையில் பரப்பி வைத்து ஒத்துப் பாருங்கள். வங்கிப் புத்தகத்தில் உள்ள எழுத்துக்கூட்டையே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

மத்தளக்கட்டை:

ஒன்று விட்டுவிட்டேன். நன்றாக வரும் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். 10 முதல் 14 வயதுக்குள் என்றால் மத்திய அரசின் பண்பாட்டு வள, பயிற்சி மையமான சிசிஆர்டியின் பண்பாட்டுத் திறன் தேடல் உதவித்தொகைக்கு எழுதிப்போடுங்கள். வருடம் 3,600 ரூபாய், பயிற்சிக் கட்டணம் 9,000 வரை தனி. 18 வயதுக்குள் மாவட்டக் கலை மன்றத்தின் கலை இளமணி விருதும் உண்டு. இரண்டுக்கும் நிகழ்ச்சிச் சான்று, படம் கேட்பார்கள். அரங்கேற்றத்தன்று தலைமையாசிரியர் கையெழுத்தும் தேதியும் போட்டு, ஒவ்வொரு பிள்ளையும் என்ன வேடம் கட்டியது என்று குறித்துச் சான்றிதழ் கொடுத்துவிடுங்கள்.

ஏழாம்வகுப்பு_டீச்சர்:

சரிங்க. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் 40,000 கணக்கோடு தீர்மானம் வைக்கிறோம். சுவருக்கு முதலில் தட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.